அந்த அடுப்பைப் பார்த்தவர் யார்?

செய்தித்தாள்களில் நம் கண்ணில் அடிக்கடி படும் சொற்களுள் ஒன்று 'மின்கசிவு'. நள்ளிரவில் குடிசைகள் எரிந்தன, காரணம் மின்கசிவு. பூட்டிய வீட்டில் தீ, காரணம் மின்கசிவு. செய்தியின் கடைசி வரியில் அச்சொல் வந்து அமர்ந்ததும் நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஒரு தலைமுறைக்கு முன் 'ஸ்டவ் வெடித்து' என்ற தொடர் இதே பணியைச் செய்தது. மண்ணெண்ணெய் அடுப்புகள் அருகி எரிவாயு பரவிய பின் 'சிலிண்டர் வெடித்து' என்பது அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சொற்கள் மாறின, அவை செய்யும் வேலை மாறவில்லை. காரணத்தைச் சொல்வதுபோல் தோன்றி, காரணம் கேட்கும் வாயை அவை அடைத்துவிடுகின்றன.

இம்மூன்று சொற்களோடு நான்காவதாக ஒன்றை நாமே சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். நாம் என்றால் திருச்சபையின் மக்களும் மேய்ப்பர்களும். அச்சொல் 'இறைவனின் திருவுளம்'. முதல் மூன்று சொற்களையாவது ஒரு துணிச்சலான செய்தியாளரோ வழக்கறிஞரோ எதிர்த்துக் கேட்க முடியும். நான்காம் சொல்லை எதிர்த்துக் கேட்பவர் இறைநம்பிக்கை இல்லாதவர் ஆகிவிடுகிறார். ஆகவே நான்கில் மிகக் கொடியது இதுவே.

வீடு எரிந்து உயிர் போன இடத்தில் காரணத்தைத் தேடுவது காவல் துறையின் வேலை மட்டுமன்று. அது நம்பிக்கை கொண்டோரின் கடமை. தேடாமல் விடுவது பாவம். தேடாமலே ஒருவரைத் தீர்ப்பிடுவது அதே பாவத்தின் மறுபக்கம். இதுவே நாம் சொல்ல வந்தது.

ஒரு தாயின் சொல்

இதைச் சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறதா என்ற கேள்வி எழலாம். தகுதியால் அன்று, குற்ற உணர்வால் எழுதுகிறோம்.

நாம் குருப்பட்டம் பெற்ற புதிது. துணைப் பங்குத்தந்தையாகப் பணியாற்றிய ஊரில், மணமாகி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு பெண் தீக்காயங்களுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்றாம் நாள் இறந்தாள். பால் காய்ச்சும்போது ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார்கள். அவளே அவ்வாறுதான் சொல்லிவிட்டுப் போனாள் என்றும் சொன்னார்கள். அடக்கத் திருப்பலியில் நாம் மறையுரை ஆற்றினோம். யோபுவின் பொறுமையை எடுத்துக்காட்டினோம். கொடுத்தவரே எடுத்துக்கொண்டார், அவருடைய திருவுளத்தை ஆராய நாம் யார் என்று கேட்டோம். கோயில் முழுவதும் விம்மியது. நல்ல மறையுரை என்று பலர் பாராட்டினார்கள்.

முப்பதாம் நாள் பூசைக்குக் காணிக்கை கொடுக்க அப்பெண்ணின் தாய் வந்தார். பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "சாமி, பேரப்புள்ளையப் பாக்க நேத்து அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஸ்டவ்லதான் சாமி எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தாங்க."

வெடித்த அடுப்பில் காப்பி போட முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய், ஒரு தடய அறிவியல் வல்லுநர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார். எண்ணெய்த் தொட்டி கிழிந்திருக்கிறதா, பம்பு சிதறியிருக்கிறதா, அடுப்படிச் சுவரில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்க அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. மூன்று பேர் போயிருந்தால் போதும். அரை மணி நேரம் பார்த்திருந்தால் போதும்.

நாம் என்ன சொன்னோம்? "மனசைப் போட்டு உழப்பிக்காதீங்கம்மா, ஜெபம் பண்ணுங்க" என்றோம். அவர் அழவில்லை. பூசைக் கருத்துகளை எழுதும் நோட்டில் மகளின் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று நம்மைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். அதன்பின் கோயிலுக்கு வந்தார், நம்மிடம் வரவில்லை.

அந்த வீட்டார் கொலைகாரர்கள் என்று இங்கே சொல்ல வரவில்லை. சேலையில் தீ தற்செயலாகப் பற்றியிருக்கலாம். அவள் தானே கொளுத்திக்கொண்டிருக்கலாம். பிறர் கொளுத்தியிருக்கலாம். 'வெடித்தது' என்ற ஒரு சொல் இம்மூன்றையும் ஒருசேர மூடிவிட்டது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்றால், தெருவின் கிசுகிசுப்பைக் காலமெல்லாம் சுமக்கும்படி நாம் விட்டுவிட்டோம். குற்றவாளிகள் என்றால், நம் மறையுரை அவர்களுக்கு மனவருத்தமும் ஒப்புரவும் வேண்டாத பாவமன்னிப்பு ஆகிவிட்டது. இரண்டில் எதுவானாலும் நாம் உண்மைக்குப் பணி செய்யவில்லை.

'கடவுளின் நெருப்பு'

அன்று நாம் எடுத்தாண்ட யோபு நூலை இன்று மீண்டும் திறந்து பார்த்தால் வெட்கம் பிடுங்குகிறது. யோபுவின் ஆடுகளும் பணியாளர்களும் எரிந்து மாண்டதை ஓடிவந்து அறிவிக்கும் ஆள், விண்ணிலிருந்து கடவுளின் நெருப்பு விழுந்தது என்கிறான் (யோபு 1:16). அவன் பொய்யனல்லன், பார்த்ததைப் பதற்றத்தில் அவ்வாறு சொன்னான். ஆனால் நூலைப் படிக்கும் நமக்கு, நான்கு வசனங்களுக்கு முன்பே, அந்த உடைமைகள்மேல் கை நீட்டப்போவது யார் என்று சொல்லப்பட்டுவிட்டது. அது சாத்தானின் கை. சாத்தானின் வேலைக்குக் கடவுளின் பெயர் சூட்டப்பட்ட முதல் தீ விபத்துச் செய்தி அது. நாமும் அதே செய்தியைத்தான் மறையுரை மேடையிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

குருமடத்தில் மெய்யியல் படித்தபோது, முதற்காரணம், இரண்டாம் நிலைக் காரணங்கள் என்ற பாகுபாட்டைப் புனித தோமா அக்குவினாரின் வழிநின்று கற்றோம். கடவுள் அனைத்துக்கும் முதற்காரணர். எனினும் அவர் படைத்தவற்றுக்கு உண்மையான செயலாற்றலைத் தந்திருக்கிறார். நெருப்பு சுடுவது நெருப்பின் இயல்பால். கம்பி சூடேறுவது அதன் இயல்பால். மனிதர் வஞ்சிப்பது தம் விருப்பத்தால். இடையில் உள்ள காரணங்களையெல்லாம் ஒரே தாவாகத் தாவி முதற்காரணத்திடம் போய் நிற்பது பக்தியன்று. படைப்பின் ஒழுங்கையே அவமதிப்பது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 36ஆம் எண்ணில், உலகப் பொருள்களுக்குத் தமக்கெனச் சட்டங்களும் ஒழுங்கும் உண்டு என்றும், அவற்றை அவற்றுக்குரிய முறையில் ஆராய்வது நம்பிக்கைக்கு எதிரானதன்று என்றும் தெளிவாக்கியது. அந்தத் தன்னுரிமையை மதிக்கத் தவறிய கிறிஸ்தவர்களின் மனப்போக்கை வருத்தத்தோடு சுட்டவும் செய்தது. அந்த வருத்தத்துக்கு உரியவர்கள் பதினேழாம் நூற்றாண்டோடு முடிந்துபோகவில்லை.

திருவிவிலியம் காரணம் கேட்க அஞ்சும் நூலன்று. ஒருவர் மூட்டிய தீ முட்செடிகளில் பற்றிப் பரவி அடுத்தவரின் தானியத்தை எரித்தால், மூட்டியவர் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது விடுதலைப் பயண நூல் (விப 22:6). புதிதாக வீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும்; எழுப்பாமல் விட்டு ஒருவர் விழுந்து மாண்டால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் என்கிறது இணைச்சட்டம் (இச 22:8). தவறி விழுந்தவர் விதி என்று அது சொல்லவில்லை. சுவர் எங்கே என்று கேட்கிறது. வெட்டவெளியில் ஒருவர் கொலையுண்டு கிடந்து, கொன்றவர் யார் எனத் தெரியாவிட்டால், மூப்பர்களும் நீதித்தலைவர்களும் வந்து சுற்றியுள்ள நகர்களுக்கு உள்ள தூரத்தை அளக்க வேண்டும் என்கிறது (இச 21:1-9). அறியப்படாத சாவின் முன் இறைமக்களின் தலைவர்கள் முதலில் எடுத்தது அளவுகோல். பலியும் மன்றாட்டும் அதற்குப் பின் வந்தன.

ஆண்டவர் இயேசுவும் ஒரு விபத்தைப் பற்றிப் பேசினார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டிருந்தனர் (லூக் 13:4). மாண்டவர்கள் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை அவர் அடியோடு மறுத்தார். பழியை மாண்டவர்மேல் போடாதே, உயிரோடிருக்கும் நீ மனம் மாறு என்பதே அவர் தந்த பதில். விபத்தின் முன் மனம் மாறவேண்டியவர்கள் பிழைத்திருக்கும் நாம்தான்.

மூன்று கேள்விகள்

"காரணத்தைக் கண்டுபிடித்தால் செத்தவர் திரும்பி வருவாரா?" என்பது நாம் வழக்கமாகக் கேட்கும் மறுப்பு. வரமாட்டார். ஆனால் அதே கம்பி, அதே ஓலை, அதே பூட்டு, அதே பேராசை அடுத்த வீட்டிலும் இருக்கின்றன. காரணம் கேட்பது இறந்தவருக்குச் செய்யும் நீதி. இருப்பவருக்குச் செய்யும் அன்பு.

தீ விபத்தில் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. தீ எப்படித் தொடங்கியது? எப்படிப் பரவியது? உயிர்கள் ஏன் தப்பவில்லை? நாம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். அதற்கும் ஒரே விடையை எழுதி வைத்திருக்கிறோம்.

'மின்கசிவு' என்ற அந்த விடையையே எடுத்துக்கொள்வோம். எரிந்த வீட்டில் செம்புக் கம்பியின் முனை உருகி மணிபோல் திரண்டு கிடப்பதைக் கண்டால், இதோ காரணம் என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் தீ வேறெங்கு தொடங்கியிருந்தாலும், மின்சாரம் ஓடும் கம்பியின் மேலுறையை அது எரித்தவுடன் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுப் பொறி பறக்கும்; செம்பு உருகும். ஆகவே அந்த மணி தீயின் தாயாகவும் இருக்கலாம், பிள்ளையாகவும் இருக்கலாம். எது என்பதை இடத்தை ஆராய்ந்தே சொல்ல முடியும். உண்மையிலேயே மின்சாரம்தான் காரணம் என்றாலும் கேள்வி அங்கே முடிவதில்லை. கசிவு என்ற சொல், ஓட்டைப் பானையில் நீர் ஒழுகியதுபோல் யாரும் பொறுப்பில்லாத ஒன்றாகக் காட்டுகிறது. மெல்லிய கம்பியில் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றியவர் யார்? தளர்ந்த இணைப்பு கருகி நாற்றம் அடித்தபோது பார்க்காமல் விட்டவர் யார்? பியூஸ் கட்டையில் உரிய கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டியவர் யார்? அடிக்கடி பியூஸ் போகிறது என்பதற்காகத் தடித்த கம்பி கட்டுவது, காவல்காரன் குரல் கொடுக்கிறான் என்பதற்காக அவன் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

அடுத்த இரு கேள்விகளுக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர்கள் தங்கியிருந்த காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். பொறி எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அவர்களால் ஏன் எழுந்து ஓட முடியவில்லை என்பது அதனினும் பெரிய கேள்வி. ஓலை தீயைப் பரப்பியது. சங்கிலி உயிரைப் பறித்தது. அந்தச் சங்கிலியை ஏற்றுக்கொண்ட சமூகம் இவ்விரண்டுக்கும் முன்பே நின்றது. இதை வேறு சமயத்தாரின் குறையாகப் பேசி நாம் தப்பிவிட முடியாது. நம் திருத்தலங்களின் நிழலிலும் மனநோயாளரைக் கட்டிப்போட்டு இறைவேண்டல் செய்யும் வழக்கம் இருந்தது. அங்கே தீப்பிடிக்கவில்லை என்பது நம் புண்ணியமன்று.

மூன்று கேள்விகளையும் விடாமல் கேட்டால் என்ன தெரியவரும் என்பதற்கு இலண்டன் மாநகரம் அண்மைக்காலச் சான்று. 2017 ஜூன் 14ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், அங்குள்ள கிரென்ஃபெல் டவர் என்னும் 24 மாடிக் குடியிருப்பின் நான்காம் மாடி வீடொன்றில் குளிர்பதனப் பெட்டியின் அருகே தீப்பற்றியது. 72 பேர் மாண்டனர். நம் ஊர் வழக்கப்படி எழுதினால் 'குளிர்பதனப் பெட்டி மின்கசிவால் 72 பேர் பலி' என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். அங்கு நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையில் நடந்த பொது விசாரணை ஏழாண்டுகள் நீடித்தது. முதல் அறிக்கை 2019இலும், சுமார் 1,700 பக்கங்கள் கொண்ட இறுதி அறிக்கை 2024 செப்டம்பரிலும் வெளிவந்தன.

தீ எப்படித் தொடங்கியது என்பதற்கு அவ்விசாரணை தந்த விடை எளியது: ஒரு வீட்டுச் சாதனத்தின் மின்கோளாறு. அந்த வீட்டில் குடியிருந்தவர்மேல் எந்தப் பழியும் இல்லை என்றும் அது தெளிவாக்கியது. எப்படிப் பரவியது? கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது வெளிச்சுவர்களில் பொருத்திய அலுமினியத் தகடுகளின் நடுவே, எரியும் தன்மையுள்ள பாலிஎத்திலீன் நிரம்பியிருந்தது. சமையலறைச் சன்னல் வழியே வெளியேறிய தீ அதைப் பற்றிக்கொண்டு உச்சிவரை ஏறியது. உயிர்கள் ஏன் தப்பவில்லை? தீயணைப்புப் படையினர் நெடுநேரம்வரை, வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முன்பே, அபாயம் இருக்கிறது என்று குடியிருப்போர் எழுப்பிய குரல் தொல்லையாகக் கருதி ஒதுக்கப்பட்டிருந்தது. அத்தனை சாவுகளும் தவிர்த்திருக்கக் கூடியவை என்பதும், அரசு, கட்டுமானத் துறை, பொருள்களை விற்றோர் ஆகியோரின் பல்லாண்டுக் குறைகளும் நேர்மையின்மையும் அவற்றுக்கு வழிவகுத்தன என்பதும் இறுதி அறிக்கையின் முடிவு. 'விபத்து' என்ற ஒரு சொல்லுக்குள் இத்தனை மனிதர்கள் ஒளிந்திருந்தார்கள்.

நெருப்பில்லாமல் புகையுமா?

இதுவரை படித்தவர்களில் சிலருக்கு ஓர் ஆவேசம் எழுந்திருக்கலாம். இனி எந்த வீட்டில் தீ என்றாலும் குற்றவாளியைப் பிடித்துவிட வேண்டும் என்று தோன்றலாம். அங்கேதான் அடுத்த படுகுழி இருக்கிறது. 'நெருப்பில்லாமல் புகையுமா?' என்பது நம் பழமொழி. அதைச் சொல்லியே நாம் எத்தனை பேரை ஊர்விலக்கம் செய்திருக்கிறோம்! சந்தேகம் விசாரணையன்று. ஊர்வாய் சாட்சியன்று.

அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்தில் கோர்சிகானா என்ற ஊரில், 1991 டிசம்பர் 23ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு சிறு வீடு எரிந்தது. இரண்டு வயதுப் பெண்குழந்தையும் ஒரு வயது இரட்டைப் பெண்குழந்தைகளும் மாண்டனர். தந்தை கேமரன் டாட் வில்லிங்ஹாம் தப்பினார். தரையில் இருந்த கருகிய தடங்களைப் பார்த்த அதிகாரிகள், எரிபொருள் ஊற்றிய தடம் என்றார்கள். சன்னல் கண்ணாடியில் சிலந்தி வலைபோல் ஓடிய விரிசல்களைப் பார்த்து, இயல்பான தீயில் இந்த வெப்பம் வராது என்றார்கள். சிறையில் உடனிருந்த ஒருவன், என்னிடம் ஒப்புக்கொண்டார் என்று சாட்சி சொன்னான். பின்னாளில் அவனே அதை மறுத்தான். வீட்டுச் சுவரில் இருந்த மண்டையோட்டுப் படம்கூட அவருடைய கொடிய மனத்துக்குச் சான்றாயிற்று.

நம்மைத் தலைகுனிய வைக்கும் செய்தி ஒன்றும் உண்டு. காவல் துறைக்கு ஆன்மப் பணி செய்த குரு ஒருவர் அன்று அங்கே இருந்தார். தந்தை பதைத்துக் கதறினார், எரியும் வீட்டுக்குள் பாயாதபடி பிடித்து அடக்க வேண்டியிருந்தது என்றுதான் அவர் முதலில் சொன்னார். கொலை என்று அதிகாரிகள் முடிவு கட்டிய பின், அந்த மனிதர் முழுத் தன்னடக்கத்தோடு இருந்ததாகத் தமக்குத் தோன்றியது என்றார். அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் நம் நினைவே அதற்கேற்ப வளைந்துகொள்கிறது. குருவின் நினைவும் விலக்கன்று.

வில்லிங்ஹாமுக்கு 1992இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆயுள் தண்டனையோடு போகலாம் என்று முன்பே சொல்லப்பட்டும், செய்யாததை ஒப்பமாட்டேன் என்று அவர் மறுத்திருந்தார். 2004 பிப்ரவரி 17ஆம் நாள் தண்டனை நிறைவேறியது. அதற்குச் சில நாள்களுக்கு முன்பே, தீவைப்புக்குச் சான்று இல்லை என்று ஓர் அறிவியலாளர் எழுதிய அறிக்கை அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டிருந்தது. பயனில்லை. மாநிலத் தடய அறிவியல் ஆணையமே நியமித்த தீயியல் வல்லுநர் 2009இல், தீவைப்பு என்ற முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று எழுதினார். அதே மாநிலத்தில், அதே வகைத் தடயங்களை நம்பி மரண தண்டனை விதிக்கப்பட்டு 17 ஆண்டுகள் காத்திருந்த மற்றொருவர், 2004ஆம் ஆண்டு அக்டோபரில் விடுதலையானார். அவருக்கு அறிவியல் நேரத்தில் வந்துசேர்ந்தது.

அதிகாரிகள் எங்கே தவறினார்கள்? மூடிய அறையில் தீ எரியும்போது சூடான புகை கூரைக்கடியில் திரள்கிறது. அதன் வெப்பம் சுமார் 600 பாகை செல்சியசை எட்டியதும், மேலிருந்து வீசும் அனலால் அறையில் உள்ள அனைத்தும் ஒருசேரப் பற்றிக்கொள்கின்றன. தரையும் எரிகிறது. எரிபொருள் ஊற்றியதுபோன்ற தடம், ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமலே அங்கே விழுகிறது. கண்ணாடி விரிசல்களோ, சூடேறிய கண்ணாடிமேல் தீயணைப்பு நீர் பட்டதால் வருபவை. முந்திய தலைமுறை விசாரணையாளர்கள் இவற்றைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஒருவர் சொல்லக் கேட்டு மற்றவர் நம்பினார்கள். 1990இல் புளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரில் ஆறு பேர் மாண்ட ஒரு வீட்டுத் தீயிலும் ஒரு மனிதர்மேல் இதே குற்றச்சாட்டு விழுந்தது. ஆனால் அங்கே அரசுத் தரப்பு வல்லுநர்கள், பக்கத்தில் இருந்த அதே அமைப்புள்ள காலி வீட்டை அதேபோன்ற அறைகலன்களால் நிரப்பி, எரிபொருள் ஊற்றாமல் தீ வைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுவதும் ஒருசேரப் பற்றியது. அதே தடங்கள் விழுந்தன. வழக்குக் கைவிடப்பட்டது. அவரைக் குற்றவாளி என்று நம்பியவர்களே தம் நம்பிக்கையைத் தீயில் இட்டுச் சோதித்தார்கள். பொய்யென்று கண்டதும் ஒப்புக்கொண்டார்கள். இதைவிட நல்ல மனமாற்றத்தை நாம் எங்கே தேடுவது?

ஆராயாது தீர்ப்பிட்ட பாண்டியனின் முன் கண்ணகி கதறியதோடு நிற்கவில்லை. சிலம்பை உடைத்து உள்ளிருந்த பரலைக் காட்டினாள். சூசன்னாவைக் காக்க எழுந்த தானியேல் அவளுடைய கற்பைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கவில்லை. இரு முதியோரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தின் கீழ் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தையும் மற்றவர் வேறொரு மரத்தையும் சொன்னார்கள், பொய் வெளிப்பட்டது. இறைவாக்கினர் செய்தது குறுக்கு விசாரணை. மரண தண்டனையை எந்நிலையிலும் ஏற்க முடியாது என்று 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் 2267ஆம் எண்ணைத் திருத்தியதன் நியாயம், கோர்சிகானாவின் சாம்பலில் நின்று பார்ப்போருக்கு நன்கு விளங்கும். சிறையில் இருப்பவரிடம் நம் தவற்றுக்கு மன்னிப்புக் கேட்கலாம். கல்லறையில் இருப்பவரிடம்?

நாம் செய்ய வேண்டியவை

இவ்வளவும் சொல்லிவிட்டு, அரசு ஆவன செய்யவேண்டும் என்று முடித்தால் நாமும் கை கழுவிய பிலாத்துவே. நம் கையில் இருப்பவற்றைச் சொல்வோம்.

முதலாவது, வீடு எரிந்த இடத்தை அவசரப்பட்டுக் கூட்டிப் பெருக்கக் கூடாது. உதவ ஓடிவரும் நம் இளைஞர்கள் அன்றே குப்பையை அள்ளி, சுவருக்கு வெள்ளையடித்து, புண்ணியம் தேடிக்கொள்ள நினைக்கிறார்கள். அந்தக் குப்பைதான் சாட்சி. அடுப்பும் கம்பியும் பூட்டும் கிடந்தபடியே கிடக்கட்டும். பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குச் சோறும் துணியும் இருக்க இடமும் கொடுப்பதில் மட்டும் அவசரப்படுவோம்.

இரண்டாவது, திருமணமான ஏழாண்டுகளுக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ இயல்புக்கு மாறான வேறு முறையிலோ இறந்தால், கோட்டாட்சியர் விசாரணை நடைபெற வேண்டும். வரதட்சணைச் சாவு என்ற குற்றம் 1986இல் சட்டத்தில் சேர்ந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆம் பிரிவாக இருக்கிறது. அச்சட்டம் சாவின் காரணங்களைச் சொல்லத் தொடங்கும்போது முதலில் நிற்பது தீக்காயம். நாட்டின் சமையலறைகளைப் பற்றி அதைவிடக் கசப்பான சான்று வேண்டுமா? அந்த விசாரணையில் உண்மையைச் சொல்ல அஞ்சும் அண்டை வீட்டாருக்குத் துணை நிற்பது பங்குப் பேரவையின் வேலை. 'குடும்ப மானம்', 'பிள்ளையின் எதிர்காலம்' என்று சொல்லிப் பங்கு அலுவலகத்தில் சமாதானம் பேசி முடிப்பது நம் வேலையன்று. அது கொலையானால் நாமும் பங்காளிகள். கொலையில்லையானால் ஒரு குடும்பத்தின் பெயரைத் துலக்கும் வாய்ப்பைக் கெடுத்தவர்கள்.

மூன்றாவது, நம் நிறுவனங்களைப் பார்ப்போம். நம் விடுதிகளிலும் முதியோர் இல்லங்களிலும் இரவில் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோவது யார்? தீப்பிடித்தால் அந்தச் சாவி எத்தனை நிமிடத்தில் வரும்? திருவிழாவுக்குச் சீரியல் விளக்குப் போடும்போது எந்தக் கம்பியில் எத்தனை இணைப்புக் கொடுக்கிறோம்? வாடகைக்கு விட்ட கோயில் வீடுகளில் மின்கம்பி மாற்றி எத்தனை ஆண்டுகள் ஆயின? இவற்றை அன்பியக் கூட்டங்களில் பேசுவது உலகக் காரியம் என்று யாராவது சொன்னால், கைப்பிடிச் சுவரைப் பற்றிய இறைச்சொல்லைப் படித்துக் காட்டுவோம்.

நான்காவது நம்மைப் போன்ற குருக்களுக்கு. தீயில் மாண்டவரின் அடக்கத் திருப்பலியில் 'திருவுளம்' என்ற சொல்லைத் தொடுமுன் ஒரு கணம் நிற்போம். இறைவனின் திருவுளம் எதுவென நமக்குத் திட்டமாகத் தெரியும்: மனிதர் வாழவேண்டும். அத்திருவுளம் எங்கே, யாரால் மீறப்பட்டது என்று கேட்பதே அதற்குக் கீழ்ப்படியும் வழி. அழுகிறவரோடு அழுவோம், விடை தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லுவோம், தெரிந்துகொள்ள உடன்நடப்போம்.

திருநீற்றுப் புதனன்று நாம் மக்களின் நெற்றியில் சாம்பல் பூசி, மனம் மாறச் சொல்கிறோம். சில ஆண்டுகளாக அந்தச் சாம்பல் கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தத் தாயின் முகம் நம் முன் வந்து நிற்கிறது. அவர் இன்று உயிரோடில்லை. அவர் நம்மிடம் ஆறுதல் கேட்டு வரவில்லை என்பது இப்போது புரிகிறது. தாம் பார்த்ததை நாமும் வந்து பார்க்க வேண்டும் என்றுதான் வந்தார். பத்து நிமிட நடைதான். நாம் போகவில்லை.

இனியொரு தாய் உங்களிடம் வந்தால், அன்புகூர்ந்து எழுந்து போய்ப் பாருங்கள்.